விளையாட்டுக் காவல் நிரல்களும் அந்தரங்கமும்

கணிப்பொறி விளையாட்டுகளில் கள்ள ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் காவல் நிரல்கள் சில, இயக்க அமைப்பின் உட்கருவிலேயே அமர்த்தப்படுகின்றன. மோசடி நிரல்களும் அங்கு ஒளிவதால் இது அவசியம் என்பர் தயாரிப்பாளர். நியாயமான வாதமே, எனினும் அம்மட்டத்திலுள்ள நிரலுக்கு, ஆட்டத்தோடு சம்பந்தமற்ற கோப்புகளும் எட்டும். 2020இல் வெளியான ‘வேலரண்ட்’ ஆட்டத்தின் ‘வான்கார்டு’ நிரல், ஆட்டத்தைத் திறக்குமுன், கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது.

இதனினும் கவலைக்குரியது 2022இல் வெளிப்பட்ட நிகழ்ச்சி. ‘கென்ஷின் இம்பாக்ட்’ ஆட்டத்தின் காவல் நிரலைக் குற்றவாளிகள் தாமே கொணர்ந்து நிறுவி, அதைக் கொண்டு வைரஸ் தடுப்பு நிரலை முடக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரலைப் பரப்ப முனைந்தனர். முறையான கையொப்பம் பெற்றிருந்தமையால் விண்டோஸ் அதனைத் தடுக்கவில்லை. அவ்வாட்டம் அக்கணிப்பொறியில் இருக்கவேண்டிய தேவையும் இல்லை.

இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. விளையாட்டை நிறுவும்போது ‘சம்மதம்’ என்று அழுத்துபவனோ, பெரும்பாலும் மாணவனே.