மெழுகில் தங்கும் நஞ்சு

ஆதியில் ஆசியத் தேனீயை மட்டும் அண்டி வாழ்ந்த வரோவா என்னும் உண்ணி, மனிதர் தேனீக் குடும்பங்களைத் தேசம் விட்டுத் தேசம் கொண்டுசென்றதன் விளைவாக ஐரோப்பியத் தேனீயைப் பற்றிக்கொண்டு, 1984இல் சுவிட்ஸர்லாந்தையும் 1987இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் எட்டிவிட்டது. இப்புதிய பகையை எதிர்க்கும் ஆற்றலற்ற தேனீக்களைக் காக்கும்பொருட்டு, வளர்ப்போர் பெட்டிக்குள்ளேயே விஷத்தை வைக்க நேர்ந்தது. உண்ணியைக் கொன்றபின் அவ்விஷம் என்ன கதியை அடைகிறது?

அவ்விஷங்களுள் ஒன்றான அமிட்ராஸ் என்னும் மருந்து ஸ்திரமற்ற சுபாவம் உடையது. தேனோ, நாவுக்குப் புளிப்புத் தோன்றாத போதிலும், அமிலத்தன்மை வாய்ந்த பதார்த்தம், அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 4ஐ ஒட்டியே நிற்கும். அந்த அமிலமும் தேனிலுள்ள நீரும் சேர்ந்து அமிட்ராஸைச் சுமார் பத்து நாட்களில் சிதைத்துவிடுகின்றன. மெழுகில் இச்சிதைவு இன்னும் விரைவாகவே நிகழ்கிறது. ஆயினும் சிதைந்தது அனைத்தும் மறைந்தது என்று கொள்ளலாகாது. எஞ்சும் சிதைவுப் பொருள்களுள் ஒன்று தானும் உண்ணியைக் கொல்லவல்லது. ஆதலால் ஐரோப்பியச் சட்டம் மூலப்பொருளோடு இவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, ஒரு கிலோ தேனுக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்திருப்பது முற்றிலும் நியாயமே.

உண்ணியைக் கொல்லப் பயன்படும் வேறு இரு விஷங்களான கூமாஃபாஸ், ஃப்ளூவாலினேட் ஆகியவற்றின் சரித்திரம் வேறு. கொழுப்பில் கரையும் இவை, தேனில் சொற்பமாகவே கலந்து, மெழுகையே தஞ்சமடைகின்றன. அமிட்ராஸைப் போலன்றி, இவை அங்கே எளிதில் சிதைவதில்லை. மெழுகு 64 பாகை வெப்பத்துக்குள் உருகிவிடும்; அதை உருக்கி வடிக்கும் சூட்டுக்கு இந்த விஷங்கள் அசைவதில்லை. பழைய அடைகளை உருக்கி, மெழுகுத்தாள்களாக வார்த்து, மீண்டும் பெட்டிகளில் பொருத்துவது இத்தொழிலின் மரபாதலால், ஒவ்வொரு பிரயோகத்தின் மிச்சமும் முந்தைய மிச்சத்தோடு சேர்ந்துகொண்டே போகிறது. வட அமெரிக்காவில் திரட்டிய மெழுகு மாதிரிகளுள் ஏறக்குறைய அனைத்திலும் இவ்விரண்டும் காணப்பட்டதாக 2010இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. கூமாஃபாஸ் மிகுந்த மெழுகுக் கிண்ணங்களில் வளர்த்த ராணிப் புழுக்களுள் பல முதிராமலே மடிந்ததைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. குழந்தைக்குத் தொட்டிலே நஞ்சாகும் இந்த நிலையை, உண்ணியின் கொடுமைக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. உண்ணியைக் கொல்லவல்ல ஃபார்மிக் அமிலமும் ஆக்ஸாலிக் அமிலமும் தேனில் இயற்கையாகவே சிறிதளவு உள்ளவை. மெழுகில் தேங்குவதும் இல்லை. தேனீ வளர்ப்போர் இவற்றை முறையறிந்து கையாள வேண்டும். கறுத்த பழைய அடைகளை விலக்கி, தேனறைகளை மூடியிருக்கும் புது மெழுகைத் தனியே சேர்த்து அதிலிருந்தே தாள் வார்க்க வேண்டும்.