பத்து விநாடி அலை

டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை நல்லதண்ணிக்கு இரவுத் தூக்கம் கிடையாது. அந்த ஊர் வழியாகச் சிவனொளிபாதமலை ஏற வருகிறவர்கள் விடிய விடியப் போய்க்கொண்டே இருப்பார்கள். உச்சி 2,243 மீட்டர். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். ஏறும்போது யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் வழியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது ஒருவர் வேண்டுதல் வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதை வாங்கிச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதன் மூச்சும் நிதானமாகிவிடும்.

இப்படி மாறிமாறிச் சொல்லும் பிரார்த்தனை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் ஜெபமாலையும், 'ஓம் மணி பத்மே ஹும்' என்ற பௌத்த மந்திரமும் சொல்லச் சொன்னார்கள். முடிவுகள் 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தன. இரண்டில் எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆக இறங்கியது. வெவ்வேறு மதம், வெவ்வேறு மொழி, ஆனாலும் அதே பத்து விநாடிக் கணக்கு!

இதற்குக் காரணம் நம் கழுத்திலேயே இருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய நாடி கழுத்தில் இரண்டாகப் பிரிகிற இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும், இழுபடுவதை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. அழுத்தம் ஏறி நாடிச் சுவர் விரிந்ததும் அவை மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இதயம் நிதானிக்கிறது; இரத்தக் குழாய்களின் இறுக்கமும் தளர்கிறது. ஆனால் குழாய்த் தசை இதயத்தைப்போல் சட்டென்று கேட்பதில்லை, சில விநாடி பிந்துகிறது. அந்தத் தாமதத்தால் இரத்த அழுத்தம் ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. சிக்மண்ட் மேயர் 1876இலேயே விவரித்த அலை இது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றாக வரும்போது இரண்டும் ஒத்துப்போகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தூளி ஆட்டுகிறவர் அது திரும்பி வரும் கணம் பார்த்துத் தள்ளுவார். சின்னத் தள்ளுக்கே தூளி நன்றாக ஆடும். அப்படித்தான் இந்த மூச்சும் அந்த அலையைப் பெரிதாக்கி, கழுத்து நரம்புகளின் கூர்மையைக் கூட்டுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் மழுங்கியிருப்பது இதே கூர்மைதான்.

2005இல் வெளியான இன்னொரு ஆய்வில் உயர் அழுத்தம் உள்ள 20 பேர் நிமிடத்துக்கு 6 மூச்சாக விட்டபோது, மேல் அளவு ஏறத்தாழ 150இலிருந்து 141க்கு இறங்கியது. அது உட்கார்ந்த இடத்தில், அந்த நேரத்துக்கு நடந்தது. நிலைத்து நிற்குமா என்பது வேறு கேள்வி; அதற்கு நாள்கணக்கில் பழக்கிப் பார்க்க வேண்டும். மும்பை மருத்துவர் கே. கே. தாத்தே 1969இல் 47 நோயாளிகளுக்கு உடலைத் தளர்த்தும் சவாசனம் பழக்கிப் பார்த்திருந்தார். பிறகு லண்டனின் குரொய்டனில் குடும்ப மருத்துவராக இருந்த சந்திரா பட்டேல், 1975இல் 34 பேரை இரு குழுவாகப் பிரித்தார். ஆறு வாரம் யோகத் தளர்வு பழகியவர்களுக்கு 168/100 என்பது 141/84 ஆனது. சும்மா ஓய்வெடுத்தவர்களுக்கு 169/101 என்பது 160/96 ஆனது. எனக்கு இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். வெறும் ஓய்வுக்கே அவ்வளவு இறக்கம் என்றால், பயிற்சியின் பலனைக் கணக்கிடும்போது அதைக் கழித்துத்தானே பார்க்க வேண்டும்? 2008இல் கொக்ரேன் அமைப்பு தளர்வுப் பயிற்சி பற்றிய 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரி இறக்கம் மேல் அளவில் 5.5, கீழ் அளவில் 3.5 மட்டுமே. பல ஆய்வுகள் தரத்தில் பலவீனமானவை என்றும் அது சொன்னது. ஆகவே பிரஷர் குளிசையை இதை நம்பி நிறுத்துவது ஆபத்து. குளிசையோடு சேர்த்துச் செய்வதற்கு உரியது இது.

பதற்றத்தின் கதை சற்று வேறு. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்களே என்ற கவலையில் நெஞ்சு படபடக்கும்போது மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல்கள் விறுவிறுக்கும். அதைக் கண்டு பயம் இன்னும் கூடும். நீளமாக வெளிவிடும் மூச்சு இந்தச் சுழலை அறுக்க உதவும். ஆனால் புதிதாக வரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று தாமே முடிவுகட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்முறை எளிது. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். அடக்கக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். கொழுந்து மலையிலிருந்து இறங்கி, லயத்தில் அடுப்பு பற்றவைக்கும் முன் பத்து நிமிடம் தனக்கென்று கிடைப்பது ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு லேசில்லை. வீட்டில் மற்றவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

கிளினிக்கில் பிரஷர் பார்க்கும்போது மட்டும் இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்ய வேண்டாம். பஸ் இறங்கி ஓடிவந்த உடனே அளந்தால் அளவு ஏறிக் காட்டும். மூச்சை மெதுவாக்கிக்கொண்டே அளந்தால் இறங்கிக் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல், இயல்பாக மூச்சுவிட்டபடி உட்கார்ந்து கையை நீட்டினால்தான் மருத்துவர் குளிசையின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியும்.