கடல் கணக்கு – 9: திலாவாவின் வெள்ளி

சென்ற வாரம் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு போட்டுவிட்டுப் போன கதையைப் பார்த்தோம். இந்த வாரம் மேற்குக் கடலுக்குப் போகவேண்டும். ஆனால் கிளம்புவது தாமலிலிருந்து. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர். வராகீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் பட்டுத்தறிகளும் உள்ள ஊருக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு ஜரிகை வழியாக வருகிறது.

ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே தங்க முலாம், அதன்கீழே தட்டையாக்கிச் சுற்றிய வெள்ளிக் கம்பி, உள்ளே சிவப்புப் பட்டு நூல். சிவப்பு தெரிந்தால் அசல். வேறு நிறம் தெரிந்தால் கடைக்காரரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். சூரத்திலிருந்து வருகிற இந்த ஜரிகையைக் காஞ்சி வட்டாரத்தில் மார்க் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க் 242 கிராம். வெள்ளி விலை நாலு நாள் ஏறினால் தறிக்காரர் வீட்டில் அதே பேச்சாக இருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் 60 டன் வெள்ளி ஒரே கப்பலில் கடலுக்கடியில் போனது என்று சொன்னால், மனசுக்குள் மார்க் கணக்குதான் ஓடும். எடைக்கு எடை சுமார் இரண்டரை லட்சம் மார்க்!

அந்தக் கப்பலின் பெயர் திலாவா. 1924-இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டியது, 10,006 டன். சரக்கும் ஏற்றும், ஆளும் ஏற்றும். சொந்தக்காரர்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. இந்தப் பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூத்துக்குடி–கொழும்பு வழியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒழித்துக்கட்டக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன அதே பி.ஐ. கம்பெனிதான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் தாத்தாக்களை டெக் டிக்கெட்டில் ஏற்றிப்போன ரஜூலா கப்பலும் அவர்களுடையதே. திலாவா ரஜூலாவுக்கு இரண்டு வயது மூத்தவள்.

1942 கெட்ட வருஷம். மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களைத் தேடி ஓடினார்கள். வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. அதோடு பார்த்தால் அரபிக்கடல் பக்கம் கொஞ்சம் நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 20 அன்று திலாவா பம்பாயிலிருந்து புறப்பட்டது. மொம்பாசா, மொசாம்பிக்கின் மபூடோ, கடைசியில் டர்பன். பயணிகள் 732 பேர், மாலுமிகள் 222 பேர், பீரங்கிக்கு 4 பேர், ஆக 958. பயணிகளில் பெரும்பாலோர் குஜராத்திகள். ஆப்பிரிக்காவில் கடையும் வேலையும் வைத்திருந்தவர்கள், அவர்களிடம் போய்ச் சேர வேண்டிய மனைவி, மக்கள். சரக்கு 6,472 டன். அதற்குள்தான் 2,364 வெள்ளிப் பாளங்கள். பிரிட்டோரியாவில் நாணயம் அடிக்கத் தென்னாப்பிரிக்க அரசு வாங்கியவை. துணைக்குப் போர்க்கப்பல் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், நவம்பர் 23, விடியுமுன்னே முதல் டார்பிடோ வந்து தாக்கியது. சேஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே சுமார் 930 மைல் தொலைவு. எந்தக் கரையும் பக்கத்தில் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்த கூட்டம் படகுகளை நோக்கி முண்டியடித்தது. அந்த நெரிசலிலேயே உயிர்கள் போயின. கப்பல் உடனே மூழ்கவில்லை. கொஞ்ச நேரம் போனபின் ‘பிழைத்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை வந்து, படகில் இறங்கியவர்கள் சிலர் திரும்பக் கப்பலிலேயே ஏறினார்கள். அப்போது இரண்டாவது டார்பிடோ. வானொலி அதிகாரி டங்கன் அபாயச் செய்தியைத் தட்டிக்கொண்டே கப்பலோடு போனார். அந்தச் செய்தி வீண்போகவில்லை. இரண்டு நாள் படகிலும் மிதவையிலும் கிடந்தவர்களில் 674 பேரைப் பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பலும், 4 பேரைக் கார்த்தேஜ் கப்பலும் தூக்கின. பர்மிங்ஹாம் நவம்பர் 27 அன்று பம்பாய் வந்து சேர்ந்தது. வராதவர்கள் 280 பேர்: பயணிகள் 252, மாலுமிகள் 28.

தாக்கியது ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி. இங்கேதான் இந்தக் கதை நம்மைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறது. ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே கொந்தளிக்கும் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி யு-180-இலிருந்து இரண்டு இந்தியர்கள் சிறு ரப்பர் படகில் இறங்கி, இன்னொரு நீர்மூழ்கிக்கு மாறினார்கள். ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், மற்றவர் ஆபித் ஹசன். அவர்களை ஏற்றிக்கொண்டது இதே ஐ-29. அந்தப் பயணம் இல்லாவிட்டால் சிங்கப்பூரில் நேதாஜி இல்லை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) ஓடிவந்த ஆயிரக்கணக்கான தமிழர்களும், கேப்டன் லட்சுமியின் ராணி ஜான்சி படையும் இல்லை. படகு மாறிய காட்சியை நம் புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. அதே நீர்மூழ்கி அதற்கு முன் என்ன செய்துவிட்டு வந்தது என்று சொல்கிற புத்தகம் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை. நேதாஜியின் பெருமைக்கு இதனால் குறைவு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் 280 பேரை மறைத்துவிட்டுத்தான் அந்தக் காட்சியைச் சொல்ல முடியும் என்றால், அதை அரைக்கதை என்றுதான் சொல்வேன். ஐ-29-உம் நிலைக்கவில்லை. 1944 ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அதை முடித்தது.

மனிதர்களை எல்லோரும் மறந்தார்கள். வெள்ளியை மறக்கவில்லை. 2017-இல் ஆர்ஜென்டம் என்ற பிரிட்டிஷ் கம்பெனி சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 பாளங்களையும் மேலே கொண்டுவந்து, சவுத்தாம்ப்டனில் இறக்கியது. ‘மீட்டுக் கொடுத்தோம், கூலி கொடுங்கள்’ என்றது கம்பெனி. ‘இது அரசின் சொத்து, எங்கள்மேல் வழக்கே போட முடியாது’ என்றது தென்னாப்பிரிக்கா. லண்டன் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பக்கம் நின்றன. கூலிக்கு ஏற்றிய சரக்கு, ஆகவே வியாபாரம்தான் என்பது அவர்கள் கட்சி. 2024 மே 8 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டிப்போட்டது. கப்பலின் அடித்தளத்தில் சும்மா கிடக்கிற சரக்கு எந்த வியாபாரத்துக்கும் ‘பயன்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்று சொல்ல முடியாது. அது போய்ச் சேரவேண்டிய வேலை அரசாங்க நாணயம் அடிப்பது. எனவே தென்னாப்பிரிக்காவுக்கு விலக்குரிமை உண்டு. வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வருவதற்குள் இரு தரப்பும் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டன. ஒவ்வொரு பாளத்துக்கும் கணக்கு உண்டு, மூன்று நீதிமன்றங்கள் அதற்காக உட்கார்ந்தன.

ஆட்கள் கணக்கு அப்படி இல்லை. அந்தப் போரில் வணிகக் கப்பல்களில் இறந்த இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர் என்கிறார்கள். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இவர்கள், வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் சிறு பங்குக்குக் கொதிகலன் அறையில் கரி வாரிப் போட்டவர்கள். அவர்கள் பெயர்களைக் கொண்ட நினைவுப் புத்தகம் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்திலும் இருக்கிறது. அது மாலுமிகளுக்கான புத்தகம். டிக்கெட் வாங்கி ஏறியவர்களுக்கு அதில் இடமில்லை. திலாவாவில் உறவுகளை இழந்த குடும்பங்கள் மும்பையில் கூடி நினைவு நாள் நடத்தியது 2022 நவம்பர் 23 அன்று, எண்பது வருஷம் கழித்து. அதையும் அரசு நடத்தவில்லை, குடும்பங்களே ஒருவரையொருவர் தேடிப்பிடித்து நடத்தினார்கள்.

தாமல், காஞ்சி, வாலாஜா பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ பி.ஐ. கப்பலில் வேலைக்குப் போயிருந்தால், புடவை மூட்டையோடு பினாங்குக்கோ டர்பனுக்கோ டெக் டிக்கெட்டில் போயிருந்தால், போருக்குப் பின் திரும்பாமலே இருந்துவிட்டால், பெட்டியில் கிடக்கும் காகிதத்தைப் பாருங்கள். டிக்கெட், கம்பெனிக் கடிதம், தபால் அட்டை எதுவானாலும் நகல் எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். பெயரும் ஊரும் கப்பலும் வருஷமும் மட்டும் தெரிந்தாலும் போதும், எழுதுங்கள்.