ஏக்கருக்கு நூற்றைம்பது மூட்டை

வரவு செலவு – தொடர்: 9

2025 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஓர் அண்ணன் என்னை நிறுத்தினார். நெல் அறுவடை மிஷின் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். அறுவடை இல்லாத மாதங்களில் வாய்க்கால் தூர்வாருவது, மண் அடிப்பது என்று பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் துணை ஒப்பந்தம் எடுத்துச் செய்வார். மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அவர் மிஷின் இறங்காத ஊர் குறைவு. அப்போது சம்பா இன்னும் அறுப்புக்கு வரவில்லை. மிஷின் கொட்டகையில் நின்றது.

“தம்பி, இன்கம் டாக்ஸ்லேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. கட்சிக்கு நன்கொடை குடுத்ததா போட்டிருக்கியே, சரிதானான்னு கேக்குது. நான் எந்தக் கட்சிக்கும் பத்து பைசா குடுத்ததில்ல.”

போனை வாங்கிப் பார்த்தேன். மெசேஜ் உண்மையானதுதான். அந்த மாதம் இதுபோன்ற குறுஞ்செய்திகளை வருமான வரித் துறை நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. “ரிட்டர்ன் யாரு போட்டது?” என்று கேட்டேன். “ஆடிட்டருதான்” என்றார். விசாரித்தால் அவர் ஆடிட்டர் இல்லை. சீசனுக்கு வந்து, மிஷின்காரர்கள், லாரிக்காரர்கள், கட்டட மேஸ்திரிகள் என்று தேடிப் பிடித்து ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர். பிடித்தம் செய்த வரியைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொல்லி, வந்த பணத்தில் தனக்கென ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் போட்டதாகச் சொல்லப்பட்ட ரிட்டர்னைத் திறந்தோம். அதில் இரண்டு பொய்கள் இருந்தன. ஒன்று, அவர் பெயரே கேள்விப்படாத ஒரு கட்சிக்கு 1 லட்சம் ரூபாய் நன்கொடை. மற்றொன்று 9 லட்சம் ரூபாய் விவசாய வருமானம். டெல்டாக்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு, பட்டாவும் அவர் பெயரில்தான். குறுவை, சம்பா இரண்டும் போடுகிறார். ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டையில் 35 மூட்டை என்றால் அது நல்ல விளைச்சல், 21 குவிண்டால். 2024-25 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் கொடுத்தார்கள். ஏக்கருக்கு 51,450 ரூபாய். இரண்டு ஏக்கர், இரண்டு போகம் என்றால் 2,05,800 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி எல்லாம் கழித்தால் கையில் ஒரு லட்சம் நின்றாலே அது நல்ல வருஷம். ஒரு பைசா செலவே இல்லாமல் அதே நிலத்தில் 9 லட்சம் எடுக்க வேண்டுமானால் ஏக்கருக்கு நூற்றைம்பது மூட்டைக்கு மேல் விளைந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. பக்கத்து வயல்காரர் அப்படிச் சொன்னால் நம்புவாரா? தன் பெயரில் அந்தக் கணக்கு வருமான வரித் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

அந்த 9 லட்சம் எங்கிருந்து வந்தது? மிஷின் வாடகையாக ரொக்கத்தில் வாங்கி அவர் வங்கியில் போட்ட பணம். “அறுப்பும் விவசாயம்தானே, அதுக்கு வரி கிடையாது” என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். இந்த வாதம் நம் பகுதியில் எளிதில் ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஜி.எஸ்.டி.யில் அறுவடைக் கூலிக்கும் விவசாய இயந்திர வாடகைக்கும் விலக்கு இருக்கிறது. வருமான வரி வேறு சட்டம். அதில் விவசாய வருமானம் என்றால் நிலத்தில் உழுது விதைத்துப் பயிர் செய்கிறவருடையது, அல்லது அந்த நிலத்துக்குக் குத்தகை வாங்குகிறவருடையது. உழவும் விதைப்பும் போன்ற அடிப்படை வேலைகள் நிலத்தில் நடந்தால்தான் விவசாயம் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே ராஜா பினாய் குமார் சகாஸ் ராய் வழக்கில் சொல்லிவிட்டது. அடுத்தவர் வயலில் மிஷினை இறக்கி மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது தொழில் வருமானம்.

விவசாய வருமானத்துக்கு விலக்கு 1886-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அரசியல் சாசனமும் அதற்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத்தான் கொடுத்தது. வெயிலிலும் வெள்ளத்திலும் நிற்கிற உழவனுக்கு அந்த விலக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் அதற்குள் அடுத்தவர் பணம் ஒளிந்துகொள்வதைப் பார்த்தால் கோபம் வருகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, விவசாய வருமானம் காட்டப்பட்ட 6,778 கோப்புகளைப் பார்த்ததில், ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் போதிய ஆவணமே இல்லாமல் விலக்கு கொடுக்கப்பட்டிருந்தது. அப்படித் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது ஏஜென்ட்டுக்கும் தெரியும். ஆனால் நெல் விஷயத்தில் இப்போது தடயம் கெட்டியாக இருக்கிறது. சிட்டா, அடங்கலைக் காட்டித்தான் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியும். பணம் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. எத்தனை மூட்டை போட்டீர்கள் என்பது அரசிடமே இருக்கிறது.

இனி, என்னை அதிகம் வருத்திய விஷயம். அண்ணனின் உண்மைக் கணக்கை ஒரு தாளில் எழுதினோம். மிஷின் வாடகை ரொக்கமாக 9 லட்சம். தூர்வாரும் வேலைக்கு வங்கி வழியாக 18 லட்சம்; அதில் ஒரு சதவீதம், 18,000 ரூபாய், வரிப் பிடித்தம். சிறு தொழில் செய்கிறவர்களுக்கென்று அந்த ஆண்டுக்குப் பொருந்திய சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருந்தது. முழுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம். ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் வங்கி வழி வரவில் 6 சதவீதத்தையும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். அண்ணனுக்கு அது 72,000-மும் 1,08,000-மும், ஆக 1,80,000. டீசல், டிரைவர் பேட்டா, மிஷின் தவணை எல்லாம் போய் உண்மையில் நின்றது 4 லட்சம் என்றார். அந்த 4 லட்சத்தையே முழுசாகக் காட்டினாலும், அதோடு நெல்லில் கிடைத்த ஒரு லட்சத்தை உள்ளது உள்ளபடி எழுதினாலும், பழைய வரி முறையிலும் புதிய வரி முறையிலும் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 18,000-மும் திரும்ப அவருக்கே வரும். யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

வரியே இல்லாத மனிதரிடம் வரி தப்பிக்கும் வழியை விற்றிருக்கிறார்கள். பிடிபட்டால், தவறான தகவல் கொடுத்துக் காட்டாமல் விட்ட வருமானத்தின் வரிக்கு இரு மடங்கு அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த அபராதம் ஏஜென்ட் பெயருக்கு வராது.

இது ஒரு ஊர்க் கதையாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை 150 இடங்களில் சரிபார்ப்பு நடத்தியது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் நடந்த சோதனைகளில், கமிஷனுக்கு ரிட்டர்ன் போடும் கூட்டங்கள் பொய்க் கழிவுகளைக் காட்டிப் பணம் திரும்பப் பெற்றதற்குச் சான்று கிடைத்ததாகச் சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த அறிவிப்பில் ஒரு தகவல் இருந்தது: இந்த ஏஜென்ட்டுகள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், துறை அனுப்பும் நோட்டீஸை யாரும் படிப்பதில்லை.

அதைப் படித்திருந்ததால் அண்ணனின் கணக்கில் முதலில் மின்னஞ்சலைத்தான் பார்த்தேன். அவர் பெயரோடு சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி. போன் நம்பர் மட்டும் அவருடையதாக இருந்ததால் அந்தக் குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. உங்கள் ரிட்டர்னை யார் போட்டாலும், வருமான வரித் தளத்தில் எந்த மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களைக் கேட்காமல் பழைய வரி முறைக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நன்கொடைக் கழிவு பழைய முறையில்தான் உண்டு என்பதால் அந்த மாற்றமே ஒரு அடையாளம். தொழில் வருமானம் உள்ளவர் ஒருமுறை பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பினால், மறுபடி பழையதற்குப் போக முடியாது. ஆதார் ஓ.டி.பி.யைப் போனில் கேட்டால் கொடுக்காதீர்கள், ரிட்டர்னுக்கு அதுதான் உங்கள் கையெழுத்து. அண்ணன் அதைக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்.

கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு வரும் வலை வேறு. கம்பி, சிமெண்ட் வாங்காமலேயே சின்னக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. பில் தருகிறோம், உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சரக்கு வந்திருக்க வேண்டும், விற்றவர் வரியைக் கட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கழிவு நிற்காது.

கடல் கடந்தும் இதே கதைதான். பிரிட்டனில் ஒப்பந்தப் பணியாளர்கள் பலருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சம்பளம் என்று கொடுக்காமல், திருப்பிக் கட்டத் தேவையில்லாத ‘கடன்’ என்று கொடுக்கும் திட்டங்களை விற்றார்கள். வக்கீல் கருத்து இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் என்றார்கள். அப்படிக் கடன் கொடுப்பதற்காக அறக்கட்டளைக்குக் கட்டிய பணமும் சம்பளம்தான் என்று ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் வழக்கில் 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019 ஏப்ரலில் பழைய கடன்களுக்கெல்லாம் சேர்த்து வரி வந்தது. சுமார் 50,000 பேர் அதில் சிக்கினார்கள், தற்கொலைகளும் நடந்தன. திட்டத்தை விற்றவர்கள் அதற்குள் கமிஷனோடு போய்விட்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு நல்ல காலம்: அது டிசம்பர். அந்த ஆண்டுக்கான திருத்த ரிட்டர்னை 31-ஆம் தேதிக்குள் போட்டால் கூடுதல் வரியோ அபராதமோ இல்லை. அந்தத் தேதி தாண்டியிருந்தால், பாக்கி வரி உள்ளவர்களுக்கு நான்கு ஆண்டுகள் வரை வழி உண்டு. ஆனால் தாமதத்துக்கு ஏற்ப 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். மறுநாள் கும்பகோணத்தில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனோம். மின்னஞ்சலை மாற்றி, நன்கொடையை எடுத்து, விவசாய வருமானத்தைக் கொள்முதல் ரசீதுகளின்படி எழுதி, மிஷின் வாடகையைத் தொழில் வரவில் சேர்த்தார். கட்டணம் 2,000 ரூபாய். ஏஜென்ட் எடுத்துக்கொண்டது அதைவிட அதிகம்.

திரும்பி வரும்போது சோழபுரம் தாண்டியதும் அண்ணன் பேசினார். “நம்ம ஊர்ல இன்னும் ஏழு மிஷினுக்கு அதே ஆளுதான் போட்டிருக்கான் தம்பி.” வீட்டுக்குப் போகாமல், அந்த ஏழு பேரையும் தேடிப் போனார்.