மாவேலி இங்கே, ஆவின் அங்கே
எல்லையோர வீட்டின் இரண்டு சஞ்சிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் பஸ்ஸில் ஓர் அம்மாள் இரண்டு சஞ்சிகளோடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் வாங்கிய தேங்காய் எண்ணெயும் சிறுபயறும் இருக்கின்றன. மற்றொன்று காலி. மாலையில் அவர் திரும்பும்போது முதல் சஞ்சி காலியாகவும், இரண்டாவது சஞ்சி நிறைந்தும் இருக்கும். அதில் துவரம்பருப்பு, ஆவின் நெய், தாயார் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காய் எல்லாம் இருக்கும்.

அம்மாள் கொல்லயிலைச் சேர்ந்தவர். பிறந்த வீடு விளவங்கோடு தாலுகாவில். வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "எழுதுறதுக்கு இதுல என்ன சார் இருக்கு? இந்தப் பக்கத்துல எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே" என்றார்.

உண்மைதான். எல்லா வீட்டிலும் நடப்பது என்பதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

பலகை மாறும் இடம்

கேரளத்தின் கடைசி ஊர்களில் ஒன்றான இஞ்சிவிளையையும் தமிழ்நாட்டின் முதல் ஊரான களியக்காவிளையையும் பிரிப்பது கடலோ மலையோ அல்ல. ஒரே சாலை, இருபுறமும் ஒரே மாதிரித் தென்னை, ஒரே மாதிரி ரப்பர், ஒரே மாதிரி ஓட்டு வீடு. பேச்சில்கூடத் தமிழும் மலையாளமும் பால்சோறுபோல் கலந்தே கிடக்கின்றன. ஆனால் கடைப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். மில்மா போய் ஆவின் வருகிறது. சப்ளைகோவும் மாவேலியும் நின்றுவிடுகின்றன. 'பெவ்கோ' என்று மலையாளத்தில் வரிசை நிற்கும் கடை, அந்தப் பக்கம் 'டாஸ்மாக்' என்று தமிழில் வரிசை நிற்கிறது. சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கஜானா மட்டும் வேறு!

1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்பு இந்தக் கோடு இங்கே இல்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணியின் தலைமையில் கேட்ட தமிழ்த் தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தது அப்போதுதான். ஆனால் அன்று கடைகள் பிரியவில்லை. இன்று நாம் காணும் பலகைகளெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

நாக்கு காரணமல்ல

ஒரு பகுதியில் மட்டுமே கிடைக்கும் கடை என்றால், அந்தப் பகுதியின் ருசிதான் காரணம் என்று நினைப்போம். வெளிநாட்டில் அப்படியும் உண்டு. இங்கிலாந்தில் 1847-ல் பிளாக்பூலில் தொடங்கிய பூத்ஸ் என்ற மளிகை நிறுவனம் இன்றும் வடமேற்குப் பகுதியைச் சுற்றியே கடை வைத்திருக்கிறது. லண்டன்வாசி அதைக் கண்டிருக்க மாட்டான். 1919-ல் ஹாரோகேட்டில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் திறந்த பெட்டிஸ் தேநீர் விடுதிகள் யார்க்ஷயரை விட்டு வெளியே போனதில்லை. அங்கே முதலாளி தாமாகவே, 'இவ்வளவு போதும்' என்று நின்றுகொண்டார்.

நம் எல்லையில் கதை வேறு. கொல்லயிலிலும் குழித்துறையிலும் தேங்காய் எண்ணெயில்தான் தாளிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்தான். நாக்கு ஒன்றாக இருக்கக் கடை மட்டும் ஏன் இரண்டு?

காரணம் சட்டமும் மானியமும்தான். பாலிலிருந்து தொடங்குவோம்.

பாலுக்கும் எல்லை உண்டு

கேரளக் கூட்டுறவுப் பால் இணையமான மில்மா 1980-ல் பிறந்தது. ஆவின் என்ற பெயரோடு தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் 1981-ல் வந்தது. இரண்டும் குஜராத்தின் ஆனந்த் முறையில் அமைந்தவை. கிராமத்தில் சங்கம், அதற்கு மேல் ஒன்றியம், அதற்கும் மேல் மாநில இணையம். பால் ஊற்றும் விவசாயிதான் உறுப்பினர். கூட்டுறவுச் சங்கம் மாநிலச் சட்டப்படி பதிவாவதால், அதன் செயல் எல்லையும் பதிவிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. பல மாநிலங்களில் இயங்க விரும்பினால் அதற்கென்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது.

சட்டத்துக்கு மேல் ஒரு மரியாதையும் உண்டு. ஒருவர் பால் பிடிக்கும் பகுதியில் இன்னொருவர் கை வைப்பதில்லை. 2023 மே மாதம் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அமுல் பால் கொள்முதல் செய்ய முற்பட்டபோது, தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். அதே ஆண்டில் கர்நாடகத்தின் நந்தினி கேரளத்தில் கடை திறந்ததை மில்மா எதிர்த்தது.

விலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2021 மே மாதம் தமிழக அரசு ஆவின் பால் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2022 டிசம்பர் முதல் தேதி மில்மா லிட்டருக்கு 6 ரூபாய் கூட்டியது. பாக்கெட் வாங்குகிறவர் முகம் சுளித்தார். ஆனால் அந்த உயர்வில் பெரும்பங்கு மாடு வளர்ப்பவருக்குப் போகும் என்று மில்மா அறிவித்தது. கொல்லயிலில் காலையில் க்ஷீர சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவரும், மாலையில் கடையில் பாக்கெட் வாங்குகிறவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒருவருக்கு வயிற்றெரிச்சல் என்றால் மற்றவருக்கு வயிற்றுப்பாடு.

வேடிக்கை ஒன்றும் உண்டு. ஓணத்துக்குப் பால் போதாமல் போகும்போது மில்மா தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பால் தருவிக்கிறது. ஆக, பால் எல்லை தாண்டும்; பாக்கெட்டின் பெயர்தான் தாண்டாது!

மாவேலியின் பதின்மூன்று சாமான்கள்

கேரள மாநில சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், அதாவது சப்ளைகோ, 1974-ல் அமைந்தது. 1980-ல் உணவு அமைச்சராக இருந்த இ.சந்திரசேகரன் நாயர் மாவேலி ஸ்டோர்களைத் தொடங்கினார். மகாபலி ஆண்ட நாளில் கள்ளமும் இல்லை, கள்ள எடையும் இல்லை என்பது ஓணத்துக் கதை. அந்த மன்னன் பெயரைக் கடைக்கு வைத்தது பொருத்தமே. அரிசி, சர்க்கரை, பயறு, பருப்பு, மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய் என 13 சாமான்கள் அங்கே சலுகை விலையில் உண்டு. வெகுகாலம் ஏறாமல் நின்ற அந்த விலைகள் 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டன. ஆயினும் வெளிச் சந்தையைவிட லாபமே.

தமிழ்நாட்டிலோ ரேஷன் கடையே பெரிய கடை. அங்கே 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பொங்கல் வந்தால் பரிசுத் தொகுப்பும் அதே கடையில்தான்.

சமைத்த சோற்றிலும் இதே கதைதான். 2013 பிப்ரவரியில் சென்னையில் பிறந்த அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. அது கேரளத்துக்கு வரவில்லை. கேரளத்தில் 2020-ல் குடும்பஸ்ரீ மகளிர் நடத்தத் தொடங்கிய ஜனகீய ஹோட்டல்களில் சாப்பாடு 20 ரூபாய். 2023 ஆகஸ்டில் அரசு மானியம் நின்றதும் 30 ரூபாய் ஆயிற்று. அது தமிழ்நாட்டுக்குப் போகவில்லை. மானியம் கொடுக்கும் கை எந்த மாநிலத்துடையதோ, இலை விரிவதும் அந்த மாநிலத்தில்தான்.

தொழிலாளிகளே முதலாளிகளான இந்தியன் காபி ஹவுஸும் இந்த வரிசையில் சேர்ந்ததே. காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலையிழந்தவர்களை ஏ.கே.கோபாலன் ஒன்றுதிரட்டினார். கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச்சில் திருச்சூரில் திறந்தது. இன்று தென் மாவட்டங்களைத் திருச்சூர் சங்கமும், வட மாவட்டங்களைக் கண்ணூர் சங்கமும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. தம்பானூர் பஸ் நிலையத்தருகே செங்கல் கோபுரம்போல் சுழன்று ஏறும் கடையில், தலைப்பாகைக்காரர் கொண்டுவரும் பீட்ரூட் மசாலா தோசையை உண்ணாத தமிழ்க் குமாஸ்தா திருவனந்தபுரத்தில் உண்டோ?

முதலாளிக்கு இல்லை வேலி

இந்த வேலியெல்லாம் அரசுக்கும் கூட்டுறவுக்கும்தான். தனியார் பணத்துக்கு வேலி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேர்விட்ட போத்தீஸ் திருவனந்தபுரத்தில் மாடி மாடியாக நிற்கிறது. 1993-ல் திருச்சூரில் தொடங்கிய கல்யாண் நகைக்கடை தமிழ்நாடெங்கும் விரிந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், அமரவிளையில் லாரிகளை மணிக்கணக்கில் நிறுத்திவைத்த வணிகவரிச் சோதனையும் பழங்கதையாயிற்று.

பட்டுப்புடவையும் தங்கமும் எல்லை தாண்டித் தேடி வருகின்றன. பருப்பும் எண்ணெயும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. கலியாணத்துக்கு வேண்டியது வாசலுக்கு வரும்; அன்றாடம் வேண்டியதற்கு அட்டை கேட்பார்கள். எல்லையோர ஏழைக்கு இதுதான் சங்கடம்.

அம்மாவின் அட்டை

மறுபடியும் பஸ்ஸில் கண்ட அம்மாளிடம் வருவோம். கலியாணமானதும் அவர் பெயர் தாயார் வீட்டு அட்டையில் அடிக்கப்பட்டுக் கேரள அட்டையில் ஏறியது. அதனால் மாவேலியின் சலுகை அவருக்கு உண்டு. தகப்பனார் காலமானபின் தாயார் விளவங்கோட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் பார்வை மங்கல். "எங்கூட வந்து இரும்மா" என்று மகள் கெஞ்சாத நாளில்லை.

தாயார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அங்க வந்தா கார்டு போயிரும் மக்ளே. நீ வந்து பாத்துட்டுப் போ, எனக்கு அது போதும்."

கிழவியின் கணக்கு தவறல்ல. அந்த அட்டையில்தான் இலவச அரிசி, முப்பது ரூபாய்ப் பருப்பு, பொங்கல் பரிசு எல்லாம். முதியோர் உதவித்தொகையும் தமிழக அரசு கொடுப்பதே. எல்லையைத் தாண்டிக் குடியேறினால் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் புதிதாக மனுப்போட்டுத் தொடங்க வேண்டும். எழுபது வயதில் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்குவது? மகள் வீட்டுச் சோறு உண்டுதான். ஆனால் மருமகன் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று நினைக்கும் தாய்க்கு, அந்த அட்டைதான் தன்மானம்.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கிறது. 2020-ல் கேரளமும் தமிழ்நாடும் அதில் சேர்ந்தன. நம் தொழிலாளர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ வைத்திருப்பவர், ஆதார் இணைந்திருந்தால், விரல் ரேகை வைத்துக் கேரள ரேஷன் கடையிலும் மத்திய அரசின் தானியத்தைப் பெறலாம். ஆனால் பெயர்வது மத்திய அரசின் தானியம் மட்டுமே. தமிழ்நாட்டின் பருப்பும் பாமாயிலும் பெயராது. தமிழ்நாட்டு அட்டையை நீட்டினால் மாவேலியின் சலுகைச் சாமானும் கிடைக்காது. மற்றச் சரக்குகளை அங்கே யாரும் வாங்கலாம்.

இதற்கிடையே தமிழ்நாட்டு ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிப் பிடிபட்ட செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அது களவு, தண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் லாரியில் மூட்டை கடத்துகிறவன் வேறு, மகளுக்கு ஒரு கிலோ பருப்பைச் சஞ்சியில் போட்டுக்கொடுக்கும் தாய் வேறு.

செய்யக்கூடியது

மாவேலி களியக்காவிளையில் திறக்க வேண்டும் என்றோ, ஆவின் தனுவச்சபுரத்துக்கு வர வேண்டும் என்றோ நாம் கேட்கவில்லை. ஒவ்வோர் அரசும் தன் பணத்தைத் தன் மக்களுக்குச் செலவிடுவது நியாயமே. ஆனால் இரு அரசுகளும் மனம் வைத்தால் ஒன்று செய்யலாம். துணையின்றி நிற்கும் முதியவர் எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள பிள்ளையிடம் வந்து சேரும்போது, பழைய அட்டை அடிபடும் நாளிலேயே புதிய அட்டையும் உதவித்தொகையும் கைக்கு வர இரண்டு தாலுகா ஆபீஸ்களும் தமக்குள் பேசி முடிக்கலாம். இன்று அந்த அலைச்சலெல்லாம் கிழவியின் காலில் விழுகிறது. அதோடு, எல்லையோரத்து மாவேலி ஸ்டோர்களில் விலைப்பட்டியலைத் தமிழிலும் எழுதிவைத்தால், மலையாளம் படிக்கத் தெரியாத நம்மவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பொழுது சாயும் நேரம் அம்மாள் களியக்காவிளையில் திரும்பு பஸ் ஏறினார். இரண்டாவது சஞ்சி நிறைந்திருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டோம்.

"இருக்கா. படி இறங்கும்போது விழுந்திருக்கா, எங்கிட்ட சொல்லல. பக்கத்து வீட்டு மைனிதான் சொன்னா" என்றார். பிறகு சஞ்சியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கணும்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் இஞ்சிவிளையைத் தாண்டியது. தாய் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.