சாதனங்களும் சாரதிகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டு புகையிரதம் வந்தது. அன்று தொட்டுப் பல தேசத்து எஞ்சின்கள் இம்மலைப்பாதையில் ஏறியுள்ளன. 1954இல் கனடாவிலிருந்து வந்தவையும் 1979இல் ஜேர்மனியிலிருந்து வந்தவையும் அமைப்பால் வேறுபட்டன. ஆயினும் கடுகண்ணாவை நிலைய அதிபர், 'இஃது எந்நாட்டு எஞ்சின்?' என்று கேட்டபின் கைகாட்டியை இறக்குவதில்லை. எஞ்சினின் இயல்பை அறியவேண்டியவர் சாரதி. நிலையத்தார்க்கு அது புறப்படுதலும் நிற்றலுமே வேண்டற்பாலன. கணினியினுள்ளும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு.

பணிசெயல் முறைமையின் நடுவாய் நின்று நினைவகத்தையும் சாதனங்களையும் ஆளும் பகுதியைக் கரு என்பர். வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை முதலிய ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து, கருவுக்கும் சாதனத்துக்கும் இடைநிற்கும் மென்பொருளை இயக்கி என்றும் செலுத்தி என்றும் வழங்குவர். நமக்குப் புகையிரதம் பழக்கமாதலின் ஈண்டுச் சாரதி என்றே கொள்வாம்.

சில ஆண்டுகளின் முன் எமது பாடசாலைக் கணினிகளில் முறைமையைப் புதுப்பித்தபோது, நன்கொடையாய்ப் பெற்ற வலையமைப்பு அட்டைகள் யாவும் ஒருங்கே ஊமையாயின. அட்டைகளில் பழுதில்லை. புதிய முறைமைக்கு ஏற்ற சாரதியை உற்பத்தியாளர் வெளியிடவில்லை, அவ்வளவே. வசதி குன்றிய பாடசாலைகளுக்கு இது சிறு விடயமன்று.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் முறைமை, சாதனத்தையும் ஒரு கோப்பெனவே கொண்டது. திறத்தல், வாசித்தல், எழுதுதல், மூடுதல் ஆகிய தொழில்களைத் தான் செய்யும் வழிகளை ஒவ்வொரு சாரதியும் ஓர் அட்டவணையாகக் கருவிடம் ஒப்படைக்கும். கரு அவ்வட்டவணையின்படி அழைக்குமேயன்றி உள்ளே நிகழ்வதை ஆராயாது.

மேற்புறம் ஒழுங்காயிற்று, கீழ்ப்புறம் யாது? தகவலை ஒவ்வொரு பிற்றாக வரிசையில் அனுப்பும் தொடர் வாயிலை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய 16550 என்னும் சில்லு பழைய தனியாள் கணினிகளில் தனி வாயிலெண்களால் அணுகப்படும். வேறு பல பலகைகளில் சாதாரண நினைவக முகவரிகளில் அமர்ந்திருக்கும். அதன் பதிவகங்கள் ஓரிடத்தில் அடுத்தடுத்த பைற்றுகளிலும், பிறிதோரிடத்தில் நான்கு பைற்று இடைவெளியிலும் அமையும். சில்லு ஒன்று, இருக்கை பல. சாரதியினுள் முகவரியைப் பொறித்துவிட்டால் பலகைக்கொரு சாரதி வேண்டும். ஒரு பிழையைத் திருத்தவும் அத்தனை இடங்களைத் தேடவேண்டும். இதனாலன்றோ லினக்ஸ் கருவிலுள்ள தொடர் வாயிற் சாரதி, பதிவகத்தை வாசிக்கும் செயலையும் எழுதும் செயலையும் இரு சுட்டிகளாகப் பிரித்துவைத்துள்ளது! பதிவக இடைவெளி வெறும் ஓர் எண்ணாகத் தரப்படும். வேகத்தை அமைத்தல், குறுக்கீட்டைக் கவனித்தல் முதலிய எஞ்சியவை எல்லாப் பலகைக்கும் பொது.

அங்ஙனமாயின் முகவரியைச் சாரதிக்கு உரைப்பவர் யார்? ஆர்ம் வகைச் சில்லுகளைக் கொண்ட பலகைகளின் விவரங்கள் ஒருகாலத்தில் கருவினுள்ளேயே எழுதப்பட்டுப் பெருகின. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கடிந்தார். அதன்பின் அவ்விவரங்கள் சாதன மரம் என்னும் தனி விவரணத்துக்கு மாற்றப்படலாயின. அதிற் கண்ட சாதனப் பெயரோடு பொருந்தும் சாரதியைக் கரு தேடியழைத்து, முகவரியைக் கையளிக்கும்.

இதன் பயனைச் சென்னையிற் காணலாம். றிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதிக்குரிய ஆதரவு 2018 சனவரியில் லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. அவ்வாண்டே சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி குழுவினர் அத்தொகுதியைத் தழுவி வடிவமைத்த சக்தி செயலியில் லினக்ஸ் இயங்கிற்று. புதிய செயலிக்கென யாவற்றையும் முதலிலிருந்து எழுதவேண்டியிருப்பின், ஒரு கல்விக்கூடத்தால் இஃது இயலுமோ என்பது ஐயமே.

எனினும் பொதுமை எங்கும் பொருந்தாது. வாசித்தல், எழுதுதல் என்பவற்றுள் அடங்காத தனிக் கட்டளைகளுக்கு யுனிக்ஸிலும் ஒரு புறவாயில் வைக்கவேண்டியதாயிற்று. ஒரே ஒரு சாதனத்தை நோக்கிப் பொது அமைப்பை வகுப்போர், அச்சாதனத்தின் குறைகளையே பொதுவிதியாக்கிவிடுவர். இரண்டு மூன்று சாதனங்களுக்குச் சாரதி எழுதியபின் பொதுமையைப் பிரித்தெடுப்பதே தக்கது என்பது எமது கருத்து.

எமது அட்டைகளின் கதை எஞ்சியுள்ளது. அவற்றுக்குரிய சாரதியின் மூலநிரல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தே இருந்தது. கருவின் உள்ளமைப்பை மாற்றுவோர், அதன் சாரதிகளையும் உடன் திருத்துவது அங்கு வழக்கம். அம்முறைமையை நிறுவிய அன்று மாலையே அட்டைகள் யாவும் மீண்டும் பேசின.