உப்புக் காற்றும் சீட் பெல்ட்டும்

மலேசியாவில் காரின் முன்னிருக்கையில் சீட் பெல்ட் போடுவது 1979-லேயே சட்டமாகிவிட்டது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். விரைவுப் பேருந்துப் பயணிகளுக்கு 2025 ஜூலை 1 முதல். சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி நாம் பெல்ட் போட்டிருக்கிறோமா என்றுதான் பார்ப்பார். அது நம்மைப் பிடித்து நிறுத்துமா என்பதை வண்டிக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மெர்சிங் மாதிரியான கடலோர ஊரில் இதை அடிக்கடி பார்ப்பது நல்லது.

காரணம் உப்பு. தியோமான், ராவா தீவுகளுக்குப் போய்ப் படகில் திரும்புகிறவர்கள் பலர் ஈரத் துணியோடு காரில் ஏறிவிடுகிறார்கள். நாடாவில் ஊறிய கடல்நீர் காய்ந்ததும் உப்பும் மணலும் நூலிடுக்கில் தங்கும். மணல் நூலைத் தேய்க்கும். பூட்டுக்குள் புகுந்தால் பூட்டு சரியாக விழாது. அடியில் பிணைத்திருக்கும் போல்ட்டில் துரு ஏறும். நவம்பரில் பருவமழையும் சேர்ந்துகொண்டால், ஈர நாடா சுருளுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

நாடாவை முழுக்க வெளியே இழுத்து, உள்ளே ஓடாதபடி ஒரு கிளிப் மாட்டி, மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பின்பே உள்ளே விடுங்கள். பிளீச்சும் சாயமும் நூலின் வலுவைக் கெடுக்கும். ஓரம் பிசிறியிருந்தால் தைத்துச் சமாளிக்காமல் முழு பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். பெரிய விபத்தில் இழுபட்ட பெல்ட்டும் அப்படித்தான். மோதலின்போது நாடாவை இறுக்கும் பொறி ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். உடைத்த காரிலிருந்து கழற்றிய பெல்ட்டை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது என்ன விபத்தைக் கண்டது என்று யாருக்கும் தெரியாது.

நாடாவை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். மேட்டில் நிறுத்திய காரில் அது வெளியே வர மறுத்தால் பயப்பட வேண்டாம். சாய்வை உணரும் பூட்டு வேலை செய்கிறது.

அணிவதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கீழ்நாடா இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாகப் படிய வேண்டும். வயிற்றின் மேல் கிடந்தால் மோதலின் விசை முழுவதையும் குடலும் ஈரலும் தாங்க நேரும். கர்ப்பிணிகளுக்கும் அது வயிற்றுக்குக் கீழேதான். மேல்நாடா தோளின் நடுவே, மார்பின் குறுக்காக வர வேண்டும். உறுத்துகிறதென்று அக்குளுக்கடியில் விட்டால் விலா எலும்பு நொறுங்கும். குளுவாங் சாலையின் நீண்ட பயணத்தில் இருக்கையைப் படுக்கையாகச் சாய்த்துத் தூங்குவதும் ஆபத்து: மோதினால் உடல் நாடாவுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது. நாடா கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும். அவர்களுக்கான தனி இருக்கை 2020 முதல் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.